கைடு தேவையில்லை

பிப்ரவரி 6, வியாழன். திருச்சி

நாளை ஹம்பிக்குக் கிளம்புகிறோம். நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்து லேமினேஷனும் போட்டாயிற்று. எதை எப்போது பார்ப்பது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே தண்ணீர் குடிப்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பிரதி எனக்கு, ஒன்று மனைவி சுகந்திக்கு. விசிறிக்கொள்ள நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவள் தன் பிரதியை வாங்கிக்கொண்டாள்.

கைடு கிடையாது. அதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறேன். ரயில்வே கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து, ஒரு வண்டியையும் கண்ணால் பார்க்காமல், போனையும் சார்ட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு பணிக்காலம் முழுக்க வண்டிகளை ஓட்டியவன் நான். எந்த வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும், எது முந்திப் போக வேண்டும் என்று முடிவு செய்தவன். கல்லையும் தூணையும் பார்க்க எனக்கு ஒருவன் வழிகாட்ட வேண்டுமா? எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அடிக்கோடு போட்டே படித்திருக்கிறேன்.

மகள் நிரஞ்சனா புனேயிலிருந்து மறுபடியும் போன் செய்தாள். அம்மாவைக் கொஞ்ச நாள் தன்னிடம் அனுப்பி வைக்க வேண்டுமாம். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அது அம்மாவின் இஷ்டம் என்றாள். முடிவுத் தேதி இல்லாமல் ஒரு பயணமா? சுகந்தியிடம் விசாரித்தேன். "நீங்க ரிட்டயரானப்புறம் நாம சேந்து போற முதல் ஊர் ஹம்பி. அது எப்படி இருக்குன்னு பாத்துட்டு, புனேக்குப் போறதா உங்களோட திரும்பி வர்றதான்னு முடிவு பண்ணிக்கறேன்" என்றாள். ஹம்பி எப்படி இருக்கும் என்பதில் என்ன சந்தேகம், புத்தகத்தில் படமே இருக்கிறது. அதற்கும் புனேக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் விளங்கவில்லை.

வழியில் சோற்றில் பிசைந்துகொள்ளப் புளிக்காய்ச்சல் தயார். நாலு நாள் பயணத்துக்கு அவள் பெரிய பெட்டியை எடுத்திருக்கிறாள். உள்ளே ஸ்வெட்டர் தெரிந்தது. ஹம்பியில் இந்த மாதம் குளிரே இருக்காது என்று எடுத்துச் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை இன்னும் அடியில் தள்ளினாள்.

பிப்ரவரி 7, வெள்ளி. ரயிலில்

பெங்களூருக்கு முன்னால் வண்டி வெகுநேரம் நின்றது. ஏன் நிற்கிறது என்பதைப் பெட்டியில் இருந்தவர்களுக்கு விளக்கினேன். எதிர் பெர்த்காரர் தூங்கிவிட்டார். சுகந்தி ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 8, சனி. ஹொசபேட்டை

காலையில் வந்து சேர்ந்து, குளித்து, நேரே ஹம்பி விருபாட்சர் கோயில். வாசலிலேயே கைடுகள் சூழ்ந்துகொண்டார்கள். கையை ஆட்டி "உள்ளூர், உள்ளூர்" என்று சொன்னேன். தமிழில் சொன்னதாலோ என்னவோ யாரும் நம்பவில்லை. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் லேமினேஷன் போட்ட அட்டையோடு ஒருவன் உள்ளூர் என்றால் நம்பாதது அவர்கள் தவறில்லைதான்.

இந்தக் கோயிலில் ஒரு விசேஷம் உண்டு. ராஜகோபுரத்தின் நிழல், உள்ளே ஒரு இருட்டு அறையின் சுவரில் தலைகீழாக விழும். அந்த அறையைத் தேடினோம். முதலில் நுழைந்தது பூட்டுப் போட்ட அறையின் முன்கூடம், அடுத்தது மடைப்பள்ளி, மூன்றாவதிலிருந்து ஒரு அர்ச்சகர் கன்னடத்தில் ஏதோ சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு சுகந்தியைப் படியில் உட்கார வைத்து, நிழல் எப்படி விழுகிறது, வெளிச்சம் எந்தத் துவாரத்தின் வழியாக வருகிறது என்று புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினேன். "நேரில் பார்த்த மாதிரிதான்" என்றும் சொன்னேன். அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

நாள் முழுக்க அவள் தண்ணீரே குடிக்கவில்லை. நிரலில் இருந்த எல்லா இடத்திலும் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். சாயங்காலம் தலைவலி என்று படுத்துவிட்டாள். பிடிவாதக்காரி.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் எனக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

விட்டலர் கோயிலில் கல் ரதத்தின் பக்கம் ஒரு சேலத்துக் குடும்பம் கைடு வைத்துக்கொண்டு நின்றிருந்தது. கைடு தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்துத் தூணில் உள்ள சிற்பத்தை ஆராய்ந்தேன். அப்போது அவன் சொல்வது காதில் விழுந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவர்கள் அடுத்த மண்டபத்துக்குப் போனார்கள். எனக்கும் அந்த மண்டபத்தில்தான் வேலை இருந்தது. அங்கேயும் ஒரு தூண் இருந்தது. இப்படி நாலைந்து தூண்களை ஆராய்ந்திருப்பேன். அவன் சாளுவ வம்சத்தையும் துளுவ வம்சத்தையும் மாற்றிச் சொன்னதைக் கேட்டு மனசுக்குள் திருத்திக்கொண்டேன்.

திடீரென்று அவன் பேச்சை நிறுத்தி, என் பக்கம் திரும்பி, கொஞ்சமும் கேலி இல்லாமல் சொன்னான்: "சார், அங்க நின்னா கழுத்து வலிக்கும். இங்க நிழல் இருக்கு."

சேலத்துக் குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சுகந்தி செய்ததுதான் எதிர்பாராதது. என்னைத் தாண்டி நேரே போய் அந்த நிழலில், அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கடைசி வரைக்கும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு அந்த ஆளிடம் என்னவோ பேசிவிட்டு வந்து, நாளைக்கும் மறுநாளைக்கும் இவர் நம்மோடு வருகிறார் என்று தகவல் சொன்னாள். தன் கைப்பையிலிருந்து முன்பணமும் கொடுத்தாயிற்று.

பெயர் ஈரண்ணா. பக்கத்திலுள்ள கமலாபுரத்துக்காரன், ஓசூரில் ஓட்டலில் வேலை பார்த்தபோது கற்ற தமிழ். என்னைவிட உயரம். நிரலில் கைடுக்கு இடமில்லை என்று சொன்னேன். "அதான் பின்பக்கம் காலியா இருக்கே" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

பிப்ரவரி 10, திங்கள்

கைடு வைத்துக்கொள்வதால் நன்மை உண்டா என்று நடுநிலையாகப் பார்ப்பதற்காகவே இன்று உடன் சென்றேன்.

ஈரண்ணா வந்ததும் செய்த முதல் காரியம், பெண்களுக்கான கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது, எதில் தண்ணீர் வரும், எதில் வராது என்று சுகந்திக்குச் சொன்னது. சரித்திரம் பிறகுதான். அவள் அங்கேயே பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தாள். என் நிரலில் தண்ணீர் குடிக்கும் இடங்கள் இருந்தன. மற்றது எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமைத் தலைவலிக்குக் காரணம் வெயில் என்றே இன்னும் நினைக்கிறேன்.

அவன் வேலை செய்கிற விதமே தனி. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் உட்காரச் சொல்கிறான். எந்த நேரத்தில் எந்தக் கல்லில் நிழல் இருக்கும் என்பது அவனுக்குப் பழக்கமாகியிருக்கிறது. உட்கார்ந்த பிறகு கதையைப் பாதி சொல்லிவிட்டு, "அப்புறம் அந்த ராணி என்ன பண்ணியிருப்பா, சொல்லுங்கம்மா" என்று நிறுத்திவிடுகிறான். இது என்ன முறை? காசு வாங்கிக்கொண்டு நம்மையே சொல்ல வைப்பதா? அதில் சுகந்தி சொல்வதுதான் வேடிக்கை. ராணி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள், போகிற வழியில் பசித்திருக்கும், பல்லக்குத் தூக்கிகளோடு பேச ஆரம்பித்திருப்பாள் என்று அவள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே போகிறாள். இவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. தொண்டை கட்டிவிடுமே என்று மிட்டாய் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.

அரண்மனைப் பகுதிக்குப் போனதும், "அம்மாவுக்கு என்ன பாக்க இஷ்டம்?" என்று கேட்டான். எல்லாம் நிரலில் இருக்கிறது என்று நான் அட்டையைக் காட்டினேன். அவன் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் சுகந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் யோசித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, இங்கே இருந்தவர்கள் எங்கே சமைத்து எங்கே சாப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும் என்றாள்.

அடிக்கோடு போட்டதில் அது இல்லை. பழைய கால்வாய் ஒன்றின் ஓரத்துக்குக் கூட்டிப்போனான். தரையில் வரிசையாகக் கல்லிலேயே செதுக்கிய சாப்பாட்டுத் தட்டுகள். சோற்றுக்குப் பெரிய பள்ளம், கறிகளுக்குச் சின்னச் சின்னக் குழிகள். சுகந்தி முழங்கால் வலியை மறந்து குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு குழியையும் விரலால் தொட்டாள். "இது பொரியல், இது தொகையல். இந்தக் குழி எதுக்கு? ஊறுகாய்க்கா?" ஈரண்ணா, சாப்பிட்ட பிறகு தட்டைக் கழுவத் தேவையில்லை, கால்வாய்த் தண்ணீரை அள்ளி ஊற்றினால் போதும் என்றான். அதற்கு அவள், "அப்ப அந்தக் காலத்துப் பொம்பளைங்க பாத்திரம் தேய்க்கலையா, நான் இங்க பொறந்திருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு, வேறு யாரோ குடும்பம் வந்திருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

மத்தியானம் மரத்தடியில், ஓட்டலில் வாங்கிய சோற்றில் சுகந்தியின் புளிக்காய்ச்சலைப் பிசைந்து புளியோதரை. ஈரண்ணா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இதில் எள்ளு வறுத்துப் போட்டிருக்கிறதா என்று கேட்டான். சுகந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எள்ளு போடுகிறாள் என்பது எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் மறுபடியும் விருபாட்சர் கோயில். சனிக்கிழமை நாங்கள் தேடிய அறை, நாங்கள் உட்கார்ந்திருந்த படிக்கு நேர் பின்னால் இருந்தது. இருட்டான சுவரில் கோபுரம் தலைகீழாகத் தொங்கியது. சுகந்தி சுவருக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையை விரித்தாள். கோபுரம் அவள் கையில் விழுந்தது. கையை மெதுவாக முன்னும் பின்னும் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இதைத்தான் நேர்ல பாத்த மாதிரின்னீங்க" என்றாள். அதில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

அவனுடைய பிழைகளைத் திருத்தவும் செய்தேன். எல்லாக் கோயிலையும் கிருஷ்ணதேவராயரே கட்டினார் என்கிறான். இந்தக் கோயில் அவருக்கு வெகுகாலம் முந்தியது என்று பக்கத்தைக் காட்டினேன். "ஆமா சார், புக்ல அப்படித்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

முடிவு: கைடினால் அறிவு வளர்ச்சி ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நிரலில் இன்று ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அஞ்சனாத்ரி மலை. படிகள் அதிகம், முழங்கால் தாங்காது என்றாள் சுகந்தி. ஈரண்ணாவோடு ஹேமகூடக் குன்றில் உட்கார்ந்திருக்கப் போகிறாளாம். போட்ட நிரலை மாற்றுவது என் வழக்கமில்லை. தனியாகப் போனேன்.

உச்சியிலிருந்து பார்த்தால் ஆறு, வயல், பாறைகள் எல்லாம் தெரிகின்றன. புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். கேட்க ஆளில்லை. பெல்காமிலிருந்து வந்திருந்த புதுமணத் தம்பதியிடம் தமிழிலேயே விளக்க ஆரம்பித்தேன். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார்கள். முடிந்ததும் அந்தப் பையன் தன் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னான். எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒதுக்கியிருந்த நேரம் முடிவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். இதுவரை இப்படிச் செய்ததில்லை.

ஹேமகூடத்தில் ஒரு கல் மண்டபத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்பக்கமாக ஏறியதால் என்னைப் பார்க்கவில்லை. அங்கே ஒரு தூண் இருந்தது.

நாளைக்குத் திருச்சிக்கா என்று ஈரண்ணா கேட்டான். இல்லை, ஹூப்ளி போய் அங்கிருந்து புனே என்றாள் சுகந்தி. மகள் டிக்கெட் எடுத்து போனுக்கு அனுப்பிவிட்டாளாம். சாரும் வருகிறாரா என்று கேட்டான். சாருக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். அப்படியானால் சார் மேல் கோபமா என்று அவன் கேட்டான்.

"கோபமெல்லாம் இல்லப்பா. நல்ல மனுஷன். என்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவார். ஒண்ணுகூட கேக்க மாட்டார்."

பிறகு இன்னும் சொன்னாள். "நேத்து நீ, என்ன பாக்க இஷ்டம்னு கேட்டே பாரு, சட்டுனு எனக்குப் பதிலே தெரியல. அப்பதான் போகணும்னு முடிவு பண்ணேன்."

எனக்குப் பயமாக இருந்தது. கண்ட்ரோலில் ஒரு வண்டி எந்த ஸ்டேஷனிலும் பதில் கொடுக்காமல் போனால் வருகிற பயம் அது. கால் மரத்துப்போயிருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தேன். செருப்பு கல்லில் உரசியது. ஈரண்ணா திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசிய அதே குரலில் சொன்னான்.

"சார், அங்க நின்னா கழுத்து வலிக்கும். இங்க நிழல் இருக்கு."

போய் உட்கார்ந்தேன். டீ வாங்கி வருகிறேன் என்று அவன் எழுந்து போனான். டீக்கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் வெகுநேரம் வரவில்லை.

தூணில் குதிரைவீரன் சிற்பம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். "அந்தத் தூண்ல ஒண்ணுமே இல்லைங்க. காலைலேர்ந்து நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன். போகணும் என்றாள். எப்போது திரும்புவாய் என்ற கேள்வி வாய்வரை வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, பெட்டி கனமாக இருக்கிறதே, ஹூப்ளியில் வண்டி மாறும்போது எப்படித் தூக்குவாய் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பரவால்ல, இது கேள்விதான்" என்றாள்.

பிப்ரவரி 12, புதன். ஹொசபேட்டை ஸ்டேஷன்

ஈரண்ணாவும் வந்திருந்தான். ஹூப்ளியில் பெண்கள் காத்திருப்பு அறைக்குப் பக்கத்தில் அவனுடைய சித்தி மகன் கடை வைத்திருக்கிறானாம், பெட்டியை அவன் ஏற்றிவிடுவானாம். இவனுக்கு எல்லா ஊரிலும் ஒரு சித்தி மகன் இருப்பான் போல. நன்றி சொன்னேன். புத்தகத்தை அவனுக்கே கொடுத்துவிட்டேன். சாளுவ வம்சப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

லூப் லைனில் ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அதை ஏன் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சுகந்தி கேட்டாள். எக்ஸ்பிரஸ் போக வேண்டும், அதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள் என்றேன். எவ்வளவு நேரம்? எக்ஸ்பிரஸ் போகும் வரை. அப்புறம் விட்டுவிடுவார்களா என்றாள்.

"விடணும்" என்றேன். "சில சமயம் கண்ட்ரோல்ல இருக்கறவன் மறந்துடுவான்."

அவள் வண்டி வந்தது. பெட்டியை நான் ஏற்றினேன். ஸ்வெட்டர் மேலாக இருக்கிறதா, கைக்கு எட்டுமா என்று கேட்டேன். ஜன்னல் வழியாக அவள் சொன்னாள்: "ஏப்ரல்ல வாங்க. அதுக்குள்ள எனக்கு ஊர் பழகிடும். நான் சுத்திக் காட்டறேன். அட்டை எல்லாம் போட்டு எடுத்துக்கிட்டு வராதீங்க."

கைடு வைத்துக்கொள்வதில்லை என்பது என் கொள்கை. அதை ஞாபகப்படுத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி. திருச்சி

வீடு வந்தாயிற்று. ரசம் வைக்கலாம் என்று சமையலறைக்குள் போனேன். பெருங்காயத்தைக் காணோம். மிளகைக் காணோம். ஒரே அளவு டப்பாக்கள், எதிலும் பெயர் எழுதவில்லை. திறந்து திறந்து பார்த்தேன். முதலில் ஜவ்வரிசி, அடுத்தது கோலமாவு, மூன்றாவதில் என்னவென்றே தெரியவில்லை. என் வீட்டில், என் சமையலறையில், நான் வெளியூர்க்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

புனேக்கு போன் செய்தேன்.

"முதல்ல உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜன்னலுக்குக் கீழே இரண்டாவது தட்டு, மஞ்சள் மூடி, பெருங்காயம். அதற்குப் பின்னால் குனிந்து பார்த்தால் மிளகு. அந்தத் தெரியாத டப்பாதான் வறுத்த எள்ளு. சொன்ன இடத்தில் எல்லாம் இருந்தது. ஒரு பிழைகூட இல்லை.

ரசம் அடுப்பில் ஏறியது. போனை வைத்துவிடலாம் என்றிருந்தேன். வைக்கவில்லை. இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "யாரு, நானா?" என்றாள். பிறகு ஆரம்பித்தாள். நிரஞ்சனாவின் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காய்கறிச் சந்தை, அங்கே வெந்தயக்கீரையைக் கட்டுக் கட்டாக மலை மாதிரி குவித்திருப்பது, மராத்தி தெரியாமலே ஒரு கிழவியிடம் பேரம் பேசி இவள் ஜெயித்தது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, "அப்புறம் அந்தக் கிழவி என்ன பண்ணியிருப்பா, சொல்லுங்க" என்றாள்.

தெரியவில்லை என்றேன். நீயே சொல் என்றேன்.

ரசம் முழுக்க வற்றி, பாத்திரம் அடிபிடித்துவிட்டது. வாசனை வந்தபோதே தெரிந்தது. எழுந்து போனால் அவள் நிறுத்திவிடுவாளே என்று உட்கார்ந்தே இருந்தேன்.